குழந்தை வறுமையும் மாநிலக் கணக்கும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழா மேடையில் புள்ளிவிவரம் பேச வருபவனை யாரும் ஆவலோடு எதிர்பார்ப்பதில்லை. எனக்கு முன் பேசிய நண்பர் தம் சொல்வன்மையால் உங்கள் உள்ளங்களைக் கிளர்ந்தெழச் செய்து அமர்ந்திருக்கிறார். நானோ கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தே தலை நரைத்தவன்; என் கையில் இருப்பவை சில எண்கள் மட்டுமே. எனினும் சிறிது நேரம் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறேன். ஏனெனில் இவ்வெண்கள் நம் வீட்டுக் குழந்தைகளைப் பற்றியவை. இவற்றை வகுப்பவர்கள் நம்மைக் கேட்டு வகுப்பதில்லை. வகுத்து வெளியிட்ட பிறகு நம்மில் எவரும் எடுத்துப் படிப்பதும் இல்லை. ஆயினும் எந்தத் திட்டம் நீடிக்க வேண்டும், எது நிற்க வேண்டும், யார் பெயர் பட்டியலில் ஏற வேண்டும் என்பவற்றை இவ்வெண்களே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

ஓர் எளிய வினாவிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் ஏழைகள் நூற்றுக்கு எத்தனை பேர்?

2023-இல் நிதி ஆயோக் வெளியிட்ட பன்முக வறுமை அறிக்கையைப் புரட்டினால், 2.20 என்று விடை கிடைக்கும். 2013-இல் அன்றைய திட்டக் குழு வெளியிட்ட கணக்கைப் பார்த்தால், 2011-12ஆம் ஆண்டுக்கு 11.28 என்று இருக்கும். இடையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன; ஆகவே குறைந்தது இயல்புதானே என்று நீங்கள் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் மூன்றாவதாக ஓர் எண்ணையும் பாருங்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்றது. அதன்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருக்கிறார்கள். நூற்றுக்கு 22 பேர் எடை குறைந்தவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் இரத்தசோகை உள்ளவர்கள் நூற்றுக்கு 57.4 பேர். இதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இந்தக் கடைசி எண் 50.7 ஆக இருந்தது.

இதில் ஒரு வியப்பு உண்டு. நூற்றுக்கு 2.20 என்று சொன்ன நிதி ஆயோக்கும், நூற்றுக்கு 25 என்று சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பும் வெவ்வேறு வீடுகளுக்குச் சென்று விசாரித்தவை அல்ல. நிதி ஆயோக் தன் கணக்கை அதே குடும்பநலக் கணக்கெடுப்பின் தாள்களிலிருந்தே எடுத்தது. வீடு ஒன்று, குழந்தை ஒன்று, விசாரித்த நாளும் ஒன்று. விடைகள் மட்டும் இரண்டு. இரண்டுமே பொய் அல்ல. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், மாநில அளவிலான வறுமை மதிப்பீடு என்பது என்ன என்பதில் முக்கால் பங்கு விளங்கிவிடும்.

பன்முக வறுமைக் குறியீட்டைத் தேர்வுத் தாளாக எண்ணிக்கொள்ளுங்கள். இங்கே மதிப்பெண் கூடுதலாகப் பெறுகிறவர் ஏழை, அவ்வளவே வேறுபாடு. மொத்த மதிப்பெண் 42 என்று கொள்வோம். நலவாழ்வுக்கு 14, கல்விக்கு 14, வாழ்க்கைத் தரத்திற்கு 14. நலவாழ்வில் ஊட்டக்குறைக்கு 7. குழந்தை இறப்புக்கும் தாய்மைக் காலக் கவனிப்பு இன்மைக்கும் மீதி 7. கல்வியில் வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட எவரும் ஆறு ஆண்டு படிப்பை முடிக்காவிட்டால் 7. பள்ளிப் பருவப் பிள்ளை பள்ளிக்குச் செல்லாவிட்டால் 7. வாழ்க்கைத் தரத்தில் அடுப்பெரிக்கும் பொருள், கழிப்பிடம், குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள், வங்கிக் கணக்கு என ஏழு இனங்கள். இல்லாத ஒவ்வொன்றுக்கும் 2. இவ்வாறு கூட்டி, 14 மதிப்பெண்ணை எட்டுகிற வீடு ஏழை வீடு. 14-க்குக் குறைந்தால் அன்று.

இனி ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். அதிகம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. உங்களில் பலர் இன்று காலை அத்தகைய வீட்டிலிருந்துதான் புறப்பட்டு வந்திருப்பீர்கள். கூரை வீடு. சமையல் விறகில். கழிப்பிடத்தைப் பக்கத்து வீட்டாரோடு பகிர்ந்துகொள்கிறார்கள். மூன்று வயதுச் சிறுவன் ஊட்டக்குறையால் மெலிந்து, வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறான். அவன் அக்காள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். மின்விளக்கு உண்டு, தெருக்குழாயில் நல்ல நீர் வருகிறது, ஒரு கைப்பேசியும், அரசு வழங்கிய பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் உண்டு, வங்கிக் கணக்குப் புத்தகமும் உண்டு. இப்போது கூட்டுங்கள். சிறுவனின் ஊட்டக்குறைக்கு 7, விறகுக்கு 2, கழிப்பிடத்துக்கு 2, கூரைக்கு 2. மொத்தம் 13.

இவ்வீடு ஏழை வீடு அன்று! ஒரு மதிப்பெண் குறைந்து, அரசுக் கணக்கில் வறுமையைக் கடந்துவிட்டது. இதே வீட்டில் வங்கிப் புத்தகம் மட்டும் இல்லாதிருந்தால் 15 ஆகியிருக்கும். ஏழை என்றே எழுதியிருப்பார்கள். வங்கியில் கணக்குத் தொடங்கிய நாளில் அச்சிறுவன் வறுமையிலிருந்து மீண்டான் என்று பொருள். அவன் உயரம் ஓர் அங்குலமும் கூடவில்லை. அக்காளையும் மறந்துவிடாதீர்கள். அவள் ஆறாம் வகுப்பைத் தாண்டியதால், வீட்டில் படித்தவர் ஒருவர் உண்டு என்று ஆகி, அந்த 7 மதிப்பெண் கழிந்தது. நம் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப இக்கழகம் இத்தனை ஆண்டுகள் பட்ட பாட்டின் பயன் அது. அதில் நமக்குப் பெருமையே. ஆனால் அக்காளின் ஆறாம் வகுப்பு தம்பியின் வயிற்றை நிரப்புவதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதையும் நாம் தெரிந்திருக்க வேண்டும்.

இக்குறியீட்டை வகுத்தவர்களை நான் குறை கூற வரவில்லை. ஒரே வீட்டில் பல குறைகள் ஒன்றாய்க் குவிந்து கிடப்போரைக் கண்டறிவதே அதன் நோக்கம். அப்பணியை அது செவ்வனே செய்கிறது. பீகாரில் 2015-16-இல் நூற்றுக்கு 51.89 ஆக இருந்தது 2019-21-இல் 33.76 ஆகக் குறைந்ததை அதுவே நமக்குக் காட்டியது. தமிழ்நாட்டின் எண் சிறியதாக இருப்பதும் வெறும் கணக்கு வித்தை அன்று. இந்திய அளவில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் நூற்றுக்கு 35.5, இங்கே 25. காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இன்றி இந்நிலை வந்திருக்காது. ஆனால் நூற்றுக்கு 2.20 என்ற எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, 'தமிழ்நாட்டில் ஏழைக் குழந்தை ஏது?' என்று ஒருவர் கேட்பாரானால், அவர் கேட்பது தவறான வினா. அந்த எண் அவ்வினாவுக்கு விடையாக வகுக்கப்பட்டதே அன்று.

எண்கள் ஏட்டில் உறங்குவன என்று எண்ணிவிடாதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் தாயுமானவர் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, நிதி ஆயோக்கின் இதே 2.2 சுட்டிக்காட்டப்பட்டது. மிக ஏழ்மையில் வாடும் 5 லட்சம் குடும்பங்களை வறுமையிலிருந்து மீட்பது என்பது இலக்கு. நல்ல நோக்கம், வரவேற்கிறேன். ஆயினும் 13 மதிப்பெண் பெற்ற நம் கூரை வீட்டின் கதவை அத்தகைய திட்டம் தட்டுமா என்பது, பட்டியல் தயாரிப்பவர் எந்தக் கணக்கை மனத்தில் கொண்டு வருகிறார் என்பதைப் பொறுத்தது.

திட்டக் குழுவின் பழைய வறுமைக்கோட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962-இல் ஓர் அறிஞர் குழு, ஒருவருக்கு மாதம் 20 ரூபாய் இருந்தால் குறைந்த அளவு வாழ்க்கை நடத்தலாம் என்றது. அத்தொகையில் கல்விக்கும் மருத்துவத்துக்கும் இடமில்லை. அவற்றை அரசு வழங்கிவிடும் என்று அக்குழு கருதிக்கொண்டது. 1979-இல் உணவின் கலோரிக் கணக்கு வந்தது: சிற்றூரில் 2400, நகரத்தில் 2100. 2009-இல் தெண்டுல்கர் குழு முறையை மாற்றியது. அம்முறைப்படி 2011-12-இல் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு வரையப்பட்ட கோடு, தலைக்கு மாதம் 880 ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 ரூபாய். 30 ரூபாய் செலவழித்தவர் கோட்டுக்கு மேலே. 2014-இல் ரங்கராஜன் குழு கோட்டைச் சற்று உயர்த்தியபோது, அதே 2011-12ஆம் ஆண்டில் இந்தியாவின் ஏழைகள் நூற்றுக்கு 21.9-இலிருந்து 29.5 ஆக உயர்ந்தார்கள். ஒரே இரவில் கோடிக்கணக்கானோர் ஏழையானார்கள், அவர்களுக்குத் தெரியாமலேயே!

இக்கணக்குகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எல்லாம் வீட்டை அளக்கின்றன, குழந்தையை அளப்பதில்லை. வீட்டுக்கு வருவதை எல்லோரும் சமமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, வீடு ஏழை என்றால் குழந்தையும் ஏழை, வீடு ஏழை அன்றெனில் குழந்தையும் அன்று என்று முடித்துவிடுகின்றன. எந்த வீட்டில் யார் கடைசியில் உண்கிறார்கள் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேலும், ஏழைகள் நூற்றுக்கு எத்தனை என்பதும், குழந்தைகளுள் ஏழைகள் நூற்றுக்கு எத்தனை என்பதும் ஒன்றல்ல. மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். 100 வீடுகள் உள்ள ஓர் ஊர். அவற்றுள் 20 ஏழை வீடுகள். ஏழை வீட்டுக்கு மூன்று குழந்தைகள், மற்ற வீட்டுக்கு ஒரு குழந்தை என்று கொள்வோம். ஏழை வீட்டுக் குழந்தைகள் 60, மற்றவர்கள் 80, மொத்தம் 140. வீடுகளில் ஏழை நூற்றுக்கு 20. குழந்தைகளிலோ நூற்றுக்கு 43! இது நான் புனைந்த ஊர்தான். ஆனால் உலகெங்கும் நடப்பது இதுவே. 2024-இல் வெளியான உலகப் பன்முக வறுமை அறிக்கையின்படி, பெரியவர்களுள் ஏழைகள் நூற்றுக்கு 13.5, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுள் நூற்றுக்கு 27.9. இரு மடங்குக்கும் மேல். ஆகவே ஒரு மாநிலத்தின் வறுமை எண்ணைக் கேட்கும்போது, அது மக்களின் எண்ணா, வீடுகளின் எண்ணா, குழந்தைகளின் எண்ணா என்று முதலில் கேளுங்கள்.

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். மாநிலத்தின் சராசரியில் நம் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள்?

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள் நம் முன்னோர். மாதிரிக் கணக்கெடுப்பின் சாரம் முழுதும் அப்பழமொழியில் அடங்கியிருக்கிறது. 2011-இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 85 லட்சம் குடும்பங்கள் இருந்தன. ஐந்தாவது குடும்பநலக் கணக்கெடுப்பு விசாரித்தது சுமார் 28 ஆயிரம் வீடுகளை. 600-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஒரு வீடு. மாநிலம் முழுமைக்கும் ஒரு சராசரி காண இது தாராளமாகப் போதும். முறையாகத் தேர்ந்தெடுத்தால் இதைவிடச் சிறிய மாதிரியே நல்ல விடை தரும். என் மாணவர்களுக்கு இதை நம்பவைக்க எனக்கு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு வாரம் ஆகும்!

ஆனால் பழமொழி ஒன்றை முன்னிட்டே பேசுகிறது. பானைச் சோறு முழுதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்தது. ஊரும் சேரியும் அவ்வாறு ஒரே பானையில் வெந்தவை அல்ல. இக்கணக்கெடுப்பில் தேர்வான ஒவ்வொரு பகுதியிலும் 22 வீடுகளை எடுக்கிறார்கள். 2011 கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களுள் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 20.01, ஐந்தில் ஒரு பங்கு. அவ்விகிதப்படி 22 வீடுகளில் நம்மவர் வீடுகள் நான்கோ ஐந்தோ. அவற்றுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடு ஒன்றோ இரண்டோ. மாநிலம் முழுதும் கூட்டினால் போதுமான எண்ணிக்கை கிடைக்கும். ஆனால் 'எங்கள் மாவட்டத்தில் ஆதிதிராவிடக் குழந்தைகளின் நிலை என்ன?' என்று கேட்டால், விடை சொல்லும் குழந்தைகள் சிலராகச் சுருங்கிவிடுவார்கள்.

சிலராகச் சுருங்கினால் என்ன ஆகும்? 400 குழந்தைகளை அளந்து நூற்றுக்கு 25 என்ற விடை வந்தால், உண்மை 21-க்கும் 29-க்கும் இடையே இருக்கலாம் என்று கொள்ள வேண்டும். 100 குழந்தைகளை மட்டும் அளந்து அதே விடை வந்தால், உண்மை 17-இலிருந்து 33 வரை எங்கும் இருக்கலாம். எளிய மாதிரிக்கே இப்படி. பகுதி பகுதியாக வீடுகளைத் தொகுத்து எடுக்கும்போது இவ்விடைவெளி இன்னும் விரியும். ஆகையால், மாவட்டத்துக்கு மாவட்டம் ஓரிரு புள்ளி ஏறியது இறங்கியது என்று நாளிதழ்கள் எழுதும்போது, எத்தனை குழந்தைகளை அளந்து சொல்கிறார்கள் என்று கேட்கும் பழக்கம் வேண்டும். நம் தரப்பில் பேசுவோர்க்கும் இது பொருந்தும். கோரிக்கை நியாயமானது என்பதற்காக எண்ணைப் பெருக்கிச் சொல்லக்கூடாது; ஒரு பொய் எண் பிடிபட்டால் பத்து மெய் எண்களும் அதோடு செத்துவிடும்.

சாதிவாரியாகப் பிரித்துப் பார்த்தால் சராசரியின் திரை விலகுகிறது என்பதற்கு அகில இந்திய எண்களே சான்று. ஐந்தாவது கணக்கெடுப்பில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள், பட்டியல் பழங்குடியினரில் நூற்றுக்கு 41, பட்டியல் சாதியினரில் 39, முற்பட்டோர் உள்ளிட்ட பிறரில் ஏறத்தாழ 30. 2021-இல் வெளிவந்த உலகப் பன்முக வறுமை அறிக்கை, இந்தியாவின் 2015-16 விவரங்களைச் சாதிவாரியாகப் பிரித்துக் காட்டியது. பழங்குடியினரில் நூற்றுக்கு 50.6 பேர் ஏழைகள். பட்டியல் சாதியினரில் 33.3, பிற்பட்டோரில் 27.2, ஏனையோரில் 15.6. நாட்டின் சராசரியை மட்டும் பார்த்தால் இந்தப் படிக்கட்டு கண்ணில் படாது. குடும்பநலக் கணக்கெடுப்பின் மாநிலச் சுருக்கத் தாளில் நகரம், சிற்றூர் என்ற பிரிவு உண்டு; சாதிப் பிரிவு இல்லை. விரிவான மாநில அறிக்கைக்குள் சென்றால் சாதிவாரி அட்டவணைகள் உண்டு. அமைச்சர்களும் செய்தியாளர்களும் சுருக்கத் தாளைப் படிக்கிறார்கள். நம் இளைஞர்கள் அட்டவணைகளைப் படிக்க வேண்டும். அவை பூட்டி வைக்கப்பட்டவை அல்ல. எவரும் எடுத்துப் படிக்கலாம்.

நம் இயக்கத்துக்கும் எண்களுக்கும் உள்ள உறவு புதிதன்று. 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலைபற்றி ஓர் அறிக்கை எழுதினார். கூலி என்ன, குடியிருக்கும் மனை யாருடையது, நிலம் கேட்டால் யார் தடுக்கிறார்கள் என்றெல்லாம் விவரமாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவே 1892-இன் அரசாணை 1010. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் சொல்லிவருவது அதிலிருந்து பிறந்தது. அந்நிலம் நம் கையில் நின்றதா என்பது வேறு கதை. அதைப் பேச இன்று நேரமில்லை. ஆனால் 'பாவம், இவர்கள் ஏழைகள்' என்று மட்டும் அவர் எழுதியிருந்தால் அந்த ஆணை பிறந்திருக்காது.

அண்ணல் அம்பேத்கர் சட்ட மேதை என்பதை எல்லோரும் அறிவோம். அவர் பொருளியல் பேரறிஞர். எண்களைக் கையாள்வதில் வல்லவர் என்பதைப் பலர் நினைவில் கொள்வதில்லை. 1927 மார்ச்சில் பம்பாய்ச் சட்டசபையில் கல்வி மானியத்தின்மீது பேசியபோது, தொடக்கப் பள்ளியில் சேரும் 100 குழந்தைகளுள் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள், மற்ற 82 பேரும் எழுத்தறியாமைக்கே திரும்புகிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். மாகாணத்தின் மொத்தச் செலவை அரசு பெருமையோடு சொன்னபோது, தலைக்கு எவ்வளவு என்று வகுத்துக் காட்டினார். சராசரியோடு நிற்காமல், எந்தச் சமூகத்தார் மக்கள்தொகையில் எத்தனையாம் இடம், கல்வியில் எத்தனையாம் இடம் என்று வரிசைப்படுத்திக் காட்டினார். மக்கள்தொகையில் முன்னே நின்றவர்கள் கல்லூரிப் படிப்பில் பின்னே நின்றார்கள். நான் இன்று இங்கே சொல்லிக்கொண்டிருப்பதெல்லாம் அவர் அன்று செய்ததுதான்: மொத்தத்தை வகு, வகுத்ததைப் பிரி, பிரித்ததில் நம் பிள்ளை எங்கே என்று பார்.

எண்ணிக்கைக்கும் நிதிக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1979-80-இல் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் வந்தபோது, மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இங்கே நூற்றுக்கு 20 என்பதால்தான் ஐந்தில் ஒரு பங்கு கேட்கிறோம். அந்த 20.01 என்பது 2011-இன் கணக்கு. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு, எல்லாச் சாதிகளையும் எண்ணும் கணக்கெடுப்பு நடைபெறும் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. அத்தாள்களில் நம் பகுதிகளின் விவரம் பிழையின்றிப் பதிவாவதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு படித்த இளைஞர்களுக்கு உண்டு. வேலைக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் குழந்தைகளோடு சென்றுவிட்ட குடும்பங்கள் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் விட்டுப்போவதே பெரிய இழப்பு. செங்கற்சூளையில் இருக்கும் குழந்தை எந்த ஊர்க் குழந்தை என்று கேட்டால், இரண்டு ஊரும் கை விரித்துவிடும்.

கடைசியாக ஒரு செயல்முறை வேண்டுகோள். மாநிலக் கணக்கெடுப்புக்கு மாதிரி வேண்டும். நம் காலனிக்கு வேண்டாம். 100 வீடுகள் உள்ள இடத்தில் எல்லாக் குழந்தைகளையும் அளந்துவிடலாம். எல்லோரையும் அளந்துவிட்டால் மாதிரிப் பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை. பாக்கி இருப்பது அளப்பவரின் கவனம்தான். அங்கன்வாடிகளில் மாதந்தோறும் குழந்தைகளின் எடையும் உயரமும் பார்க்கிறார்கள். அங்குள்ள ஆசிரியைகள் பெரும் சுமை தாங்குபவர்கள். அவர்களோடு சண்டையிட அன்று, அவர்களுக்கு உதவியாகவே நாம் செல்ல வேண்டும்.

அளவுகோல் ஒன்றைச் சொல்லித் தருகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் குழந்தை வளர்ச்சித் தரங்களை வெளியிட்டது. டெல்லி உள்பட ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து வகுத்தது அது. 'நம் இனமே குட்டை' என்று சொல்லித் தட்டிக்கழிக்க வழியில்லை. அதன்படி, ஐந்து வயது நிறைகிற நாளில் ஒரு பெண் குழந்தை ஏறத்தாழ 109 செ.மீ., ஆண் குழந்தை 110 செ.மீ. உயரம் இருப்பது நடு அளவு. பெண் குழந்தை 99.9 செ.மீ.-க்கும், ஆண் குழந்தை 100.7 செ.மீ.-க்கும் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியதாகக் கொள்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உணவும் நலவாழ்வும் பெற்ற குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இயல்பாகவே அக்கோட்டுக்குக் கீழ் இருப்பார்கள். ஆகவே ஒரு குழந்தை குட்டையாய் இருப்பதைக் கண்டு தாயைக் கடிந்துகொள்ளாதீர்கள். அப்படி ஒரு சொல்கூட யாரும் சொல்லக்கூடாது. நூற்றுக்கு 25 என்றால்தான் அது தாயின் குறை அன்று, இயற்கையின் குறையும் அன்று என்று விளங்கும்.

ஐந்து வயதில் தெரியும் இக்குறை முதல் இரண்டு ஆண்டுகளிலேயே பெரும்பாலும் நேர்ந்துவிடுகிறது. காலை உணவும் சத்துணவும் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குத்தான். பள்ளிக்கு வராத வயதில், தாய் களை எடுக்கப் போன பகல் பொழுதில், அக்குழந்தைக்கு என்ன கிடைத்தது என்பதை எந்த மாநிலச் சராசரியும் சொல்லாது. ஆகவே நம் பதிவேட்டில் ஐந்து வயதுக் குழந்தைகளோடு நின்றுவிடாமல், பிறந்த நாள், பிறந்தபோது எடை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும் என்று எழுதிவர வேண்டும். பிறந்த நாளைச் சரியாகக் கேட்டு எழுதுங்கள். வயது இரண்டு மாதம் தவறினால் கணக்கு முழுதும் தவறிவிடும். 'போன ஆடிக்கு முந்தின ஆடி' என்று பாட்டி சொன்னால், பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்து எழுதுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்தும், அதற்கு மேற்பட்டதை நிற்கவைத்தும் அளக்க வேண்டும்.

கழகத்தின் மாலை வகுப்புக் கட்டடத்தில், வாயிலுக்கு இடப்புறச் சுவரில் தரையிலிருந்து அளந்து ஒரு மீட்டர் உயரத்தில் நீலக்கோடு ஒன்று வரைய நிர்வாகக் குழுவினர் இசைந்திருக்கிறார்கள். பெயர் கொடுத்திருக்கும் பன்னிரண்டு மாணவ மாணவியருக்கு அளக்கும் முறையை நானே வந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கற்றுத்தருகிறேன். பதிவேடு நூலகத்தில் இருக்கும். குழந்தைகளின் பெயர் வெளியில் போகாது, எண்ணிக்கை மட்டுமே போகும். அடுத்த ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் அந்த எண்ணிக்கையை, எத்தனை குழந்தைகளை அளந்தோம் என்பதோடு சேர்த்து, அம்மாணவர்களில் ஒருவர் இம்மேடையில் படிக்கக் கேட்க விரும்புகிறேன்.